எது ரொம்ப நாள் தாங்கும்

மாரிட் இரண்டு கைகளிலும் இரண்டு ஹார்டு டிஸ்க் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி கடையில் நின்றாள். அந்தப் பக்கம் அப்பா ஆர்விட் மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் ஆக்சிஜன் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"சுத்துறதா, சுத்தாததா?" என்றார் ஆர்விட்.

"ரெண்டும் கையில இருக்குப்பா. சின்னது சுத்தாதது. பெருசு உள்ள தட்டு சுத்துறது."

"சின்னதத் திருப்பி வெச்சிடு."

"கடைக்காரரு அதுதான் நல்லதுங்கிறாரு. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாம்."

"இழுப்பறையில கரண்டு இல்லாம வருஷக்கணக்கா கெடந்தா அது எல்லாத்தையும் மறந்துரும். அதச் சொன்னானா அவன்?"

பக்கத்தில் நின்ற விற்பனையாளருக்கு அது கேட்டிருக்க வேண்டும். நரைத்த தாடிக்காரர். சட்டையில் டுவெய்ன் என்று பெயர் குத்தியிருந்தது. "அப்பா சொல்றதும் சரிதான்மா," என்றார். "ஆனா சுத்துறத ஒரு தடவ தரையில போட்டீங்கன்னா கதை முடிஞ்சுது. என்னைக் கேட்டா ரெண்டுலயும் ஒண்ணொண்ணு வாங்கி வைங்க."

"ரெண்டு விக்கிறதுதான அவன் பொழப்பு," என்றது போன்.

டுவெய்ன் சிரித்தார். மாரிட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக அவள் அப்பாவின் கட்டிலருகே நாற்காலியில்தான் தூங்குகிறாள். காலையில் ரோஷெல் வந்தாள். வீட்டில் வைத்துக் கடைசிக் காலத்தைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்படும் நர்ஸ் அவள். போர்வையை விலக்கி அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாரிட்டை அடுப்படிக்கு அழைத்துப் போனாள். "இன்னிக்கோ நாளைக்கோ. யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க," என்றாள். அதற்குள் முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. ஹார்டு டிஸ்க் வாங்கியாச்சா? ரோஷெல் அவள் முதுகில் தட்டி, "போயிட்டு வாங்க. நான் உக்காந்திருக்கேன்," என்றாள்.

ஆர்விட் எதை வாங்கினாலும் இப்படித்தான். பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ரொட்டி வாட்டும் கருவி ஒன்று வாங்க ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்தார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க்கைப் பற்றி இரண்டு வருடம் படித்தும் வாங்கவில்லை. அதற்குள் நுரையீரலில் இருந்த புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது. போன வாரம் கம்ப்யூட்டரும் உள்ளே டக் டக்கென்று ஒலி எழுப்ப ஆரம்பித்தது. அதில் இருப்பதெல்லாம் எந்த நேரமும் போய்விடலாம்.

"உங்கம்மாவுக்குக் கை நடுங்கும்," என்றார் போனில். "சுத்துறத வாங்கினா அவ போட்டு ஒடச்சிடுவா. சுத்தாதத வாங்கினா..." இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு, "சரி. உனக்கு எது தோணுதோ அத வாங்கிட்டு வா," என்றார்.

மாரிட் அப்படியே நின்றாள். அவளுடைய முதல் காருக்கு டயரை அமுக்கிப் பார்த்தவர். அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் வந்தபோது அவனிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டவர். தன் ஐம்பது வயதுவரை இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"என்னாச்சும்மா?" என்றார் டுவெய்ன்.

"ஒண்ணுமில்ல." சின்னப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டுப் பெரியதோடு கல்லாவுக்கு நடந்தாள். கூடுதல் உத்தரவாதம் வேண்டுமா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். வேண்டாம் என்று மாரிட் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹார்டு டிஸ்க்கின் கறுப்புப் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு வயரால் இணைத்தாள். அப்பாவின் கட்டில் கம்ப்யூட்டர் மேசையை ஒட்டியே கிடந்தது. ரோஷெல் தலையணையை உயர்த்திக் கொடுத்தாள்.

"சுத்துறதா?" என்றார்.

"சுத்துறதுதான்."

"ம்." திருப்தியா இல்லையா என்று அந்த ஒற்றை எழுத்தில் தெரியவில்லை. "வீடியோ எல்லாத்தையும் மொதல்ல எடு. மத்தது போனாப் போவுது."

வீடியோ என்றால் எல்லாம் பனிதான். விழுந்த பனி, விழுகிற பனி, வாசலை மூடிய பனி. ஒவ்வொரு வருடமும் எடுத்திருந்தார். ஒன்றிலும் அம்மா வெர்னாவின் முகம் இல்லை. ஆனால் அத்தனையிலும் அவள் கேமராவுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவளுடைய பேச்சை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிற்று. செவ்வாய்க்கிழமை. பசிக்கும், கோபத்துக்கும், காலை வணக்கத்துக்கும் அதுதான். தன் பழைய குரல் அவளுக்கு ஆகாது. அப்பா அதை ஓடவிட்டால் எழுந்து போய்விடுவாள். அவள் தூங்கும்போதுதான் அவர் கேட்பார்.

கொஞ்சம் நகலானதும், "ஒண்ணத் தொறந்து பாரு," என்றார். "ஓடலேன்னா எடுத்து என்ன புண்ணியம்?"

"அம்மா அடுப்படியில இருக்காங்கப்பா."

"தெரியும். போடு."

திரையில் வேலி தெரியாமல் பனி கிடந்தது. வெர்னாவின் குரல் கணீரென்று வந்தது. "நில்லு ஆர்விட், நல்லா நின்னு படம் எடு. அது எங்கயும் ஓடிப்போயிடாது. அள்ளிப்போடறதுக்கு யாரு வருவா, செத்துப்போன உங்கப்பனா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாரிட் நிறுத்தப் போனாள். அப்பா விரலை உயர்த்தித் தடுத்தார். வெர்னா ஈரத் துணியோடு வந்து வாசற்படியில் நின்றாள். போய்விடுவாள் என்று மாரிட் காத்திருந்தாள். அவள் போகவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு கட்டிலைப் பார்த்து, அதே ஏற்ற இறக்கத்தோடு, அதே எகத்தாளத்தோடு, "செவ்வாய்க்கிழமை!" என்றாள்.

ஆர்விட் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் களைப்பாகி, கண்ணை மூடினார்.

பிறகு திறக்கவில்லை. மாலை வெளிச்சம் சுவரில் ஏறி மங்கிற்று. மூச்சு விட்டு விட்டு வந்தது, இடைவெளி நீண்டது, ஒரு இடைவெளி முடியவே இல்லை. வெர்னா அவர் கையைப் பிடித்திருந்தாள். ரோஷெல் ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டாள். மெல்லத் தலையசைத்து, ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்தாள்.

அந்த இரைச்சல் நின்ற பிறகுதான் மேசையில் இன்னொரு மெல்லிய ஓசை இருப்பது தெரிந்தது. நகல் இன்னும் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

"இதையும் நிறுத்திடவா?" என்று ரோஷெல் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வேண்டாம். ஓடட்டும்."

உடலை எடுத்துப்போகிறவர்களுக்குப் போன் செய்ய ரோஷெல் வெளியே போனாள். மாரிட் அப்போதுதான் கோட்டைக் கழற்றினாள். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கப் பார்த்தாள். எந்தப் பெயரும் வரவில்லை.

வெர்னா அவர் கையை மெதுவாகப் போர்வையின் மேல் வைத்தாள். தன் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். எழ முயன்றவள் பிடிமானத்துக்காக மேசையைத் தொட்டாள். விரல்கள் அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் பட்டன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அது சூடாக இருந்தது.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நடுங்கும் உள்ளங்கையை அதன் மேல் முழுதாக வைத்தாள். எடுக்கவில்லை.