கழுவிப் போன மருந்து

"மருந்து கேக்கல, நாஹித். நாளைக்கு மெஷின நிறுத்திரலாம்," என்றார் டாக்டர் ஷுக்ரி.

அலெக்சாந்திரியாவின் அந்த ஆஸ்பத்திரியில், பதினோரு நாளாக இப்திஹாலுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்த மெஷின்தான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பி நின்று நுரையீரலைத் தாக்கி, உள்ளே ரத்தம் கசிந்தது. ரத்தத்தை வெளியே இழுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின் அவகாசம்தான் வாங்கித் தரும். நோயை அடக்க வேண்டியது மருந்து.

நர்ஸ் நாஹித்துக்கு மனசு ஒப்பவில்லை. அட்டவணையை எடுத்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

மருந்து பிற்பகல் மூன்று மணிக்கு. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கெட்டுப்போனதால் அதை வடித்துப் புதிதாக ஏற்றுவது மாலை ஏழுக்கு. வழக்கமாக அது காலையில் நடக்கும். ரமலான் பிறந்ததும், அதைச் செய்யும் நர்ஸ் பிள்ளைகள் நோன்பு திறந்து தெம்பாகச் செய்யட்டும் என்று மாலைக்கு மாற்றியது சாட்சாத் நாஹித்தேதான். மருந்து நேரத்தை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு தடவை ஏற்றிய மருந்தும் உடம்பில் தங்காமல் பிளாஸ்மாவோடு சேர்ந்து மஞ்சள் பையில் வடிந்து குப்பைக்குப் போயிருந்தது. மருந்து கேட்கவில்லையாம். கேட்க விட்டால்தானே.

சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பெண் போய்விடுவாள். அவள் அட்டவணையோடு டாக்டரிடம் போனாள்.

"நேரத்த மாத்துனது நான்தான், டாக்டர். ஒரு வாரம் குடுங்க. இன்னிக்கு மருந்து ஏத்துவோம், ரெண்டு நாளைக்குப் பிளாஸ்மா பக்கமே போக வேணாம்."

அவர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "கீழ தினம் கையெழுத்துப் போட்டது நான். சரி, இன்னும் ஒரு வாரம் ஓட்டி மெஷின்ல ரத்தம் உறைஞ்சா?"

"டார்ச் அடிச்சுக் குழாயப் பாத்துக்கிட்டே இருப்பேன்." அவர் மருந்துக்கு எழுதிக் கொடுத்தார்.

வெளியே இப்திஹாலின் தாயிடமும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மாள் முகம் கல்லானது. நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. ஒரு பேரீச்சம்பழத்தை நாஹித்தின் கையில் வைத்து அழுத்தினாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். சாப்பிட்டுப் போய் என் பொண்ணுகிட்ட நில்லு."

நின்றாள். உறைந்த ரத்தம் ஒருமுறை கருத்துத் தெரிந்தபோது மெஷினில் பிராணவாயு ஏற்றும் பகுதியையே மாற்றினார்கள். வீட்டுக்குத் தூங்க மட்டும் போனாள்.

ஏழாம் நாள் மதியம், இப்திஹாலின் மூச்சுக்குழாயில் சிறு குழாய் விட்டு உறிஞ்சியபோது வெறும் சளிதான் வந்தது. ரத்தச் சிவப்பு இல்லை. நாஹித் இன்னொரு தடவை உறிஞ்சினாள். அப்போதும் இல்லை. அதற்கு அப்புறம்தான் அழுதாள்.