கூட்டத்தில் ஒரு முகம்

தொண்ணூற்றாறு தேர்தல் முடிந்த கோடையில், சித்ரலேகா பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் ஒரு சின்ன மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துத் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தாள். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பியவள். தேர்தல் கூட்டங்களுக்கெல்லாம் கேமராவோடு போய், மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தையே படம் பிடித்து, அவற்றைப் பார்த்து வரைந்தவை அவை. தலைவர்கள் யாரும் எந்தப் படத்திலும் இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு கட்சித் தலைவருடைய கட்-அவுட்டின் செருப்புக் கால்கள் இருந்தன.

அந்தக் கால்தான் வம்பாயிற்று. மறுநாள் காலையிலேயே அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் கருத்தையா பத்துப் பேரோடு உள்ளே நுழைந்தார்.

“ஏம்மா, எங்க தலைவருக்கு மூஞ்சி கிடையாதா? காலை மட்டும் வரைஞ்சு கேலியா பண்ணுதிய? எல்லாத்தையும் கழட்டுங்கலே!”

இரண்டு பேர் சுவரை நோக்கிப் போனார்கள்.

“பொறுங்கவே!” என்று ஒரு குரல் கேட்டது. கூட வந்திருந்த மகளிரணி அன்னத்தாய். பேட்டையில் பீடி சுற்றுகிறவள். பெரிய ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைவரின் ஹெலிகாப்டர் கிளப்பிய புழுதிக்குள் ஒரு பெண் கையைத் தூக்கியபடி அழுகிற படம். “இது நான்லா!”

கீழே ஒட்டியிருந்த தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “மயக்கம்.” பிறகு சித்ரலேகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மயக்கமெல்லாம் இல்லம்மா. எனக்கு வெவரம் தெரியும். அவுக வந்து எனக்கு ஒண்ணும் செஞ்சிர மாட்டாகன்னும் தெரியும். எங்க வீட்டுக்காரர் போன பொறவு என்னை யாரும் ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிடல. மைக்குல ‘தாய்மார்களே’ன்னாக பாருங்க, என்னையத்தான் கூப்பிட்டாகன்னு அழுகை வந்துட்டு.”

சித்ரலேகா அந்தத் தலைப்புச் சீட்டைக் கிழித்தெடுத்தாள்.

அன்னத்தாய் படத்தின் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். “அண்ணாச்சி, பதினஞ்சு வருசமா கொடி பிடிக்கேன். ஒருநாளாவது என் மூஞ்சியப் பாத்திருப்பியளா? இந்தப் பிள்ள பாத்திருக்கு. இதுல கை வைக்கணும்னா என்னத் தாண்டி வாங்க.”

சுவரருகே போன இருவரும் விலகிக்கொண்டார்கள். கருத்தையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சற்று நேரம் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசிப் படத்தின் அருகில் நின்று, “இந்தக் கூட்டத்துல நானும் நின்னேன். எங்கன இருக்கேன்?” என்று கேட்டார். குரலில் பழைய சூடு இல்லை.

அவர்கள் கிளம்பும்போது சித்ரலேகா அன்னத்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். புகையிலை வாசம் அடித்தது. “உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுறதுன்னு தெரியலக்கா.”

“எனக்கு எதுக்கு? உக்காந்து இவ்வளவு பொறுமையா என்னைய வரைஞ்சிருக்கியே, நானில்லா சொல்லணும்.”

சாயங்காலம் அன்னத்தாய் தன் தெருப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். எந்த முகம் யாருடையது என்று மண்டபம் முழுக்கச் சிரிப்பும் சண்டையுமாக இருந்தது. சித்ரலேகா எல்லோருக்கும் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். மனம் நிறைந்திருந்தது.