வலது கைப்பக்கம் தண்ணீர்

“அந்தம்மா இருக்காங்களா சார்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன்” என்று கேட்டார் அமரர் ஊர்தியின் ஓட்டுநர், பின்கதவின் கொக்கியை விடுவித்துக்கொண்டே.

“எந்தம்மா?” என்றான் தம்பி.

“வாய்ஸ்ல வழி சொன்னவங்க. மேப்பு என்னடான்னா ஏரிக்குள்ள இறங்குங்குது. அவங்க சொன்னபடி வந்தேன், நூல் பிடிச்ச மாதிரி வாசல்ல வந்து நின்னுட்டேன். என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா யாரும் வழி சொன்னதில்ல சார்.”

தம்பி திரும்பி அக்காவின் கணவரைப் பார்த்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். யார் விலாசம் கேட்டாலும் மனைவியின் குரல் பதிவைத் தட்டிவிடுவது அவருடைய கைப்பழக்கம். இன்று ஊர்திக்காரர் கேட்டபோதும் அந்தக் கை யோசிக்கவில்லை.

“உள்ள இருக்காங்க. அவங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும்” என்றான் தம்பி.

ஓட்டுநர் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வழி தவறாமல்தான் வந்தது. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. இப்போது கூடத்தில், பாதி மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். எதிலும் அவசரப்படாதவள், இதில் மட்டும் முந்திக்கொண்டாள்.

தம்பிக்குக் கைபேசி வரைபடம் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை; அதிலும் நீர்நிலைகள் பிரிவில். ஊர் உலகத்து ஏரிகளுக்கெல்லாம் கரை போடுகிறவனின் சொந்த அக்கா வீடு, அதே வரைபடத்தில் தண்ணீருக்கு நடுவில் இருந்தது. ஏதோ ஒரு பெருமழைக்கு மறுநாள் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வைத்து இயந்திரம் கரை போட்டதால், தெரு மொத்தமும் நீலத்துக்குள் போய்விட்டது. அவன் கரையைத் திருத்துவான். அடுத்த மாதம் இயந்திரம் பழையபடி முக்கிவிடும். ஒருமுறை அவசரத்தில் திருத்தி, கோட்டை முழுதாக மூடாமல் விட்டதில் ஏரியே காணாமல் போனது. அன்று அக்காவின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“ஏரி ஆபீசர் சார், வீட்டை வெளிய எடுத்து விடுடான்னா ஏரியையே தூக்கிட்டியே? நாளைக்கு எவனாவது பிளாட் போட்டு வித்துடப் போறான். திருப்பி வெச்சிடு. நாங்க மூழ்கியே இருந்துக்கறோம்.”

“கரைக்கோடு வளையல் மாதிரிக்கா. எங்கயாவது துளி வாய் பிளந்துட்டா, எது உள்ள, எது வெளியன்னு மெஷினுக்குத் தெரியாது.”

“மெஷினுக்குத் தெரியலன்னா போகட்டும். வர்ற மனுஷனுக்குத் தெரியணுமில்ல?”

அன்று சாயங்காலமே அந்தப் பதிவைப் பேசிவிட்டாள். தெருவே அதை எடுத்துக்கொண்டது. எரிவாயு உருளை கொண்டுவருபவர், பொட்டலம் கொண்டுவருபவர், எதிர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று எல்லோரும் அக்காவின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். அடையாளத்துக்குச் சொன்ன ஒரு மரம் விழுந்தால், பதிவிலிருந்து அந்த மரத்தை நீக்கிவிட்டு மறுபடி பேசுவாள். தம்பி அதை அலுவலகத்தில் போட்டுக் காட்டி, “எங்க அக்கா” என்று சொல்லிக்கொள்வான். அவன் போட்ட எந்தக் கரையைப் பற்றியும் அவனுக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

தெருவில் அந்தப் பதிவு இல்லாத ஆளே கிடையாது. அக்காவின் ஒரே மகளிடம்தான் இல்லை. இந்த வீடு வாங்குவதற்கு முன்பே வெளிநாடு போனவள். “உனக்கு எதுக்குடி அது? நீ வர்றப்போ நானே முனையில வந்து நிப்பேன்” என்று சொல்லி வைத்திருந்தாள் அக்கா.

அந்த மகள்தான் இப்போது அழைத்தாள்.

“மாமா, டிரைவர் இதுக்கு மேல வண்டி போகாதுங்கறார். எதிர்ல வெறும் தண்ணி. போன் இன்னும் நேரா போகச் சொல்லுது.”

வரைபடத்தை நம்பி மறுகரைக்குப் போய்விட்டிருந்தார்கள். தகன மேடையில் ஆறு மணிக்குமேல் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். நாளைக்கு அங்கே பராமரிப்புக்காக விடுமுறை. இவள் அதற்குள் வந்து முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

“அங்கயே இரு கண்ணு, நான் வரேன்.”

“நீ சுத்திப் போய்க் கூட்டிட்டு வர்றதுக்குள்ள சுடுகாட்டுல கதவைச் சாத்திடுவான்” என்றார் அத்தான்.

“சரி கண்ணு, டிரைவரைத் திரும்பி பெரிய ரோட்டுக்கு வரச் சொல்லு. வந்து, இடது பக்கம்…” தம்பி நிறுத்தினான். இடதா? திரையைப் பார்த்தான். ஒரே நீலம். அவன் வரும்போதெல்லாம் அக்கா முனையில் நிற்பாள். வாயடித்துக்கொண்டே அவள் பின்னால் நடந்து வந்துவிடுவான். வழியை அவன் பார்த்ததே இல்லை. அத்தான் கைபேசியை வாங்கி, “பாப்பா…” என்றார். உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதிவு கையிலேயே இருந்தது. ஒரு தட்டு போதும். தான் கேட்டுச் சொல்லி ஒரு திருப்பம் தவறினாலும் நேரம் போய்விடும். ஆனால் அம்மாவைப் பார்க்க வருகிறவளின் காதில், அம்மாவே சிரித்துச் சிரித்துப் பேசுவதை எப்படிப் போடுவது? தம்பிக்கு விரல் எழவில்லை.

“மாமா? லைன்ல இருக்கீங்களா?”

“கண்ணு, வழி இருக்கு. அம்மா குரல்ல இருக்கு. அனுப்பட்டுமா?”

மறுமுனையில் அவள் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொல்வது கேட்டது.

“அனுப்புங்க மாமா.”

அனுப்பினான். பிறகு தானும் தன் கைபேசியைக் காதோடு அழுத்திப் போட்டுக் கேட்டான்.

“பெரிய ரோட்ல பெயிண்ட் கடை தாண்டினதும் கீழ இறங்குங்க. இப்போ உங்க போன் தண்ணிக்குள்ள போறீங்கன்னு காட்டும். காட்டட்டும், நீங்க பாட்டுக்கு வாங்க. தண்ணி எப்பவும் வலது கைப்பக்கமே இருக்கணும். இடது பக்கம் வந்துடுச்சுன்னா, நீங்க வேற யார் வீட்டுக்கோ சாப்பிடப் போறீங்கன்னு அர்த்தம்…”

பாதியிலேயே நிறுத்திவிட்டான். அவளைப்போல ஒருத்தி தனக்கு அக்காவாக வாய்த்தாளே என்று நினைத்துக்கொண்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்தபடி நின்றான். ஊர்தி ஓட்டுநர் யாரும் சொல்லாமலே வண்டியைப் பின்னால் நகர்த்தி வாசலைக் காலியாக விட்டார்.

வெயில் தாழ்வதற்குள் கார் வந்துவிட்டது. கண்ணாடியை இறக்கியிருந்தார்கள். உள்ளே அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

“…நீலக் கேட்டு தெரியுதா? அதான் நம்ம வீடு. காலிங்பெல்லை அழுத்தாதீங்க, வேலை செய்யாது. அவர் சரி பண்றேன், சரி பண்றேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. வாசல்ல நின்னு சத்தமா ஒரு குரல் கொடுங்க. எங்க இருந்தாலும் வந்துடுவேன்.”

மகள் இறங்கினாள். மணிப்பொத்தானை நோக்கிப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டாள். படியேறாமல் வாசலிலேயே நின்று, சத்தமாக, “அம்மா” என்று கூப்பிட்டாள்.

கூடத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தான் எழுந்து, தன் நாற்காலியை வழியிலிருந்து நகர்த்திப் போட்டார்.