மேஸ்திரி வாயைத் திறக்கவில்லை

"தூங்காதடா... டேய், கண்ணைத் திற. அப்பாவைப் பாரு."

டாக்ஸியின் பின்சீட்டில் இரண்டு வயது மகனைக் குலுக்கிக்கொண்டிருந்தான் அவன். குழந்தையின் தலை துவண்டு துவண்டு சரிந்தது. இமையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கண்மணி அகலமாக விரிந்து கிடந்தது. நெஞ்சில் கை வைத்தால், யாரோ படியிறங்கி ஓடுவதுபோல் அடித்துக்கொண்டது.

"அண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க."

"முன்னாடி லாரி நிக்குது சார். பறந்தா போறது?" என்ற டிரைவர் கண்ணாடியில் குழந்தையைப் பார்த்தார். அடுத்த நொடி வண்டியை நடைபாதையில் ஏற்றி இறக்கினார்.

ஜன்னலோரம் ஐந்து வயது மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் மேஸ்திரி. தம்பி எங்கே உட்கார வேண்டும், அப்பா எந்தச் சட்டை போட வேண்டும் என்று காலை முதல் உத்தரவு போடுபவள். இப்போது தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்செட் செய்வது அவன் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மனைவி சரக்குக் கப்பலில் இரண்டாவது எஞ்சினியர். போய் ஐந்து வாரம். திரும்ப இன்னும் நான்கு. அன்று மாலைக்குள் ஒரு பெரியவருக்குக் கீழ்த்தாடை செட் கொடுத்தாக வேண்டும். வார்ப்பைக் கொதிநீரில் போட்டுவிட்டுச் சமையலறை அடுப்பருகே நின்றிருந்தான். கூடத்தில் சத்தமே இல்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அமைதியை நம்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினான். ஐந்து வாரத்தில் அப்படி ஒரு கால் மணி நேரம் கிடைத்ததே இல்லை.

போய்ப் பார்த்தபோது மகன் தரையில் கிடந்தான். பட்டறைக் கதவு திறந்திருந்தது. பல்செட் பிசின் கலக்கும் திரவப் பாட்டில் மேஜையில் கவிழ்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி எதைடி குடிச்சான்?"

அவன் கத்திய கத்தலில் ஐந்து வாரம் தூங்காததும் இருந்தது. மகள் ஓரடி பின்னால் போய் வாயை மூடியவள்தான்.

அவசரப் பிரிவில் பெண் டாக்டர் குழந்தையைப் பார்த்தபடியே பேசினார்.

"அந்தத் திரவம் உள்ளே போயிருந்தா வயித்தைக் கழுவக் கூடாது. நுரையீரலுக்கு ஏறிடும். ஏதாவது மாத்திரைன்னா இப்பவே உள்ளதை எடுத்தாகணும். எதுன்னு சொல்லுங்க."

"தெரியலையே டாக்டர். மோந்து பார்த்துச் சொல்ல முடியாதா?"

"உங்க சட்டை, குழந்தை சட்டை, பாப்பா தலைமுடி, எல்லாத்துலயும் அதே வாடைதான் அடிக்குது. கூட இருந்தது யாரு?"

இருவரும் மகளைப் பார்த்தார்கள்.

அவன் மண்டியிட்டான். "கண்ணு, அப்பா திட்டவே மாட்டேன். தம்பி என்ன சாப்பிட்டான்?"

அவள் தண்ணீர்ப் பாட்டிலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சைக்கிள் வாங்கித் தரேன். சிவப்புச் சைக்கிள்."

உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

டாக்டர் குனிந்தார். "எங்கிட்ட சொல்லும்மா."

"அம்மாகிட்டதான் சொல்லுவேன்."

"ஏன்?"

"அப்பா கத்தினா நான் பேசக் கூடாது. அம்மா ஃபோன்ல வரும்போது அம்மாகிட்ட சொல்லணும். அம்மா சொல்லியிருக்காங்க."

இப்படி ஒரு சட்டம் வீட்டில் இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. கப்பல் கம்பெனியின் நம்பரை அழுத்தினான்.

"அவசர அழைப்புன்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு சார்," என்றது மறுமுனை.

"படிவத்தை அப்புறம் பூர்த்தி பண்றேன் தம்பி. என் பையன் செத்துக்கிட்டிருக்கான்."



கப்பலிலிருந்து அழைப்பு வரப் பத்து நிமிடம். ஆஸ்பத்திரி நடைவழியில் எத்தனை முறை நடந்தான் என்று தெரியாது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "உடம்பு உதற ஆரம்பிச்சிருக்கு டாக்டர்," என்றாள். அதே நேரம் ஃபோன் அடித்தது. பின்னணியில் எஞ்சின் இரைச்சல்.

"என்னங்க? யாருக்கு என்ன?"

மூன்றே வாக்கியத்தில் சொன்னான். அவள் அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. "ஸ்பீக்கர்ல போடுங்க. அவகிட்ட கொடுங்க."

மகள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்தாள். பள்ளிக்கூடப் பாட்டு ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னாள்:

"அம்மா நாங்க நல்லா இருக்கோம், சாப்பிட்டோம், தம்பி விளையாடுறான், அப்பா நல்லா பாத்துக்கிறாங்க."

டாக்டர் திகைத்துப்போய் அவனைப் பார்த்தார்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்," என்றான் அவன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனுக்குப் பின்னால் நின்று வாயசைத்துக் கற்றுக்கொடுத்தது. போன பயணத்தில் மகனுக்குக் காய்ச்சல் என்று கேட்டு அவள் பாதியில் இறங்கி வந்தாள். வேலை மயிரிழையில் தப்பியது. ஃபோனை நோக்கிக் குனிந்தான். "நீ மறுபடி இறங்கிடுவேன்னு பயந்தேன்மா. இங்க ஒரு நாள்கூட நல்லா இல்லை. என்னால முடியலை."



"மேஸ்திரி," என்றாள் அவள், நிதானமாக. "அப்பா போட்ட சட்டம் இன்னிக்கு ரத்து. அம்மா போட்டதும் ரத்து. நல்லா இருக்கோம்னு சொல்ல வேண்டாம். நிஜத்தைச் சொல்லு. தம்பி அப்பாவோட பாட்டில்ல குடிச்சானா?"

"இல்லை. தட்டித்தான் விட்டான். நாத்தம்னு ஓடி வந்துட்டான்."

"அப்புறம் என்ன சாப்பிட்டான்?"

"கப்பல் மாத்திரை. நான்தான் கொடுத்தேன்."

"எதுக்குடா?"

"அதைப் போட்டாத்தானே கப்பல்ல ஏத்துவாங்க. நீ போட்டுக்கிட்டுதானே போனே? நாங்களும் உங்கிட்ட வரலாம்னு."

இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் உடைந்தது, உடனே ஒட்டிக்கொண்டது. "டாக்டர், அது கடல்ல வாந்தி வராம இருக்கப் போடுற மாத்திரை. பீரோவுல என் பழைய கைப்பையில இருந்துச்சு." மாத்திரையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். "பத்துல நாலு நான் போட்டுட்டேன். ஆறு இருந்திருக்கணும்."

டாக்டர் அதற்குள் உள்ளே நுழைந்தபடி நர்ஸிடம் உத்தரவுகளை அடுக்கினார். கதவுக்குப் பின்னால் தள்ளுவண்டிச் சக்கரங்கள் உருண்டன. அவன் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். எது என்று தெரிந்துவிட்டது. இனி பையன் பிழைத்துக்கொள்வான்.

டாக்டரின் தலை மறுபடி எட்டிப் பார்த்தது. "தம்பிக்கு எத்தனை கொடுத்தே பாப்பா?"

"ரெண்டுதான். சின்னப் பையன்ல."

"அப்ப மீதி நாலு வீட்ல கிடக்கா?" என்று கேட்டாள் ஃபோனில் அம்மா.

மகள் தலையாட்டி மறுத்தாள். ஃபோனில் அம்மாவுக்கு அது தெரியாது என்பதால் வாயாலும் சொன்னாள். நாக்கு சற்றே குழறியது.

"அப்பா கிளம்பு கிளம்புன்னாங்கம்மா. நான் வண்டியிலயே போட்டுக்கிட்டேன்."