எட்டு அங்குலத்துக்கும் கீழே

எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில், காரில் கனத்த சத்தத்துக்காக மாட்டும் பதினைந்து அங்குல வூஃபர் பெட்டி. கூடத்தில் பன்னிரண்டு அங்குலம், அதன் மேல் என் பூந்தொட்டி. பத்து அங்குலத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன். எட்டு அங்குலம் காரின் டிக்கியில் இருக்கிறது, அதுவும் சீக்கிரம் உள்ளே வந்துவிடும். கட்டிக்கொண்டவன் குடிகாரனாக இருந்திருந்தால் காலி பாட்டில்களைக் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசாவது பார்த்திருப்பேன்.

என் புருஷன் ஹோகன் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறான். மற்ற நேரமெல்லாம் அந்தப் பழைய வால்வோ காருக்குள்தான் குடித்தனம். எங்கள் நோர்ஷோவில் ஊர் அதிரக் கார் ஓட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. ஜன்னல் கண்ணாடி கழன்று விழ வேண்டும், அதுதான் அவர்களுக்குச் சங்கீதம். ஹோகன் அந்த ரகம் இல்லை. பேஸ் என்கிற அந்தக் கனத்த சத்தம் டிக்கியிலிருந்து வருவதே தெரியக் கூடாது என்பான். பாடுகிறவள் முன் கண்ணாடிக்கு நடுவில் நின்று பாடுவது போலக் கேட்க வேண்டும், மேளமும் பேஸும் அவளுக்குப் பின்னால் அடக்க ஒடுக்கமாக நிற்க வேண்டும். ஜூன் மாதப் போட்டியில் நடுவர்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இதற்குத்தான் மார்க் போடுவார்கள். ஹோகன் பல வருஷம் முதலாவதாக வந்தவன்.

அவன் காரின் ஒலியைச் சரிபார்க்க வைத்திருக்கும் குறுந்தட்டில் பாடுகிறவள் நான்தான். தேவாலயக் குழுவில் இருந்தபோது பதிவு செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் காரில் என்னை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். “பாரு ஓசா, கண்ணாடிக்கு நேரா நிக்கிற. உன் வாய் உசரம்கூடச் சரியா இருக்கு” என்றான். எங்கள் ஊர் ஆண்கள் இதற்கு மேல் ஒரு பெண்ணிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். நான் விழுந்துவிட்டேன், வேறென்ன.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவன் முதன்முதலாக அந்தப் புகாரைச் சொன்னான். “பேஸ் உன்னை முழுங்குது, ஓசா.”

பதினைந்து அங்குலம் ரொம்பப் பெரிது என்று முடிவுகட்டிப் பன்னிரண்டு போட்டான். வண்டிக்கொட்டகையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “இப்ப சரியா இருக்கில்ல?” பக்கத்து இருக்கையில் நான் ஆமாம் என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் பத்து அங்குலம் வந்தது. மறுபடி கேட்டான், மறுபடி ஆமாம் என்றேன், மறுபடி முகம் தொங்கியது. இந்தக் குளிர்காலத்தில் எட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஆமாம் என்றால் இந்த மனுஷனுக்கு ஏன் நம்பிக்கை வரவில்லை? என் பேச்சுக்கு அவ்வளவுதானா மதிப்பு?

மார்ச் மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு லென்னேயின் கடைக்குப் போனான். எங்கள் பக்கத்தில் கார் ஸ்பீக்கர் என்றால் லென்னேதான். பெட்டி அடிப்பவனும் அவன், மாட்டுபவனும் அவன்.

“ஆறரை அங்குலம் வேணும்” என்றான் ஹோகன்.

லென்னே சிரித்தான். “ஆறரையா? அது கதவுல மாட்டுறதுடா. அதைப் போய் வூஃபர்னு சொன்னா அதுவே வெட்கப்படும். ஏற்கெனவே உன் எட்டுல அடியாழம் இல்ல. மூடின பெட்டியில ஒரே ஒரு பத்து, இந்த வண்டிக்கு அதான் அளவு. அதை நீதானே எல்லாருக்கும் சொல்லுவே?”

“பத்தும் முழுங்குது.”

“யாரை?”

“இவளை” என்று என்னைக் காட்டினான்.

“இவளை முழுங்க இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்” என்றான் லென்னே. நான் சிரித்தேன். ஹோகன் எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாமதமாகச் சிரித்தான். கொஞ்ச நாளாகவே நான் பேசும்போது அவன் என் வாயையே பார்க்கிறான். இந்த வயசில் ஆசை திரும்புகிறது போலிருக்கிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்துபோயிருந்தேன். அசடு!

லென்னே வண்டியில் ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டான். உடனே இறங்கிவிட்டான். ஹோகனைப் பின்பக்கக் கிடங்கில் ஏதோ பெட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான்.

“ஓசா, இந்த வண்டியில எப்படி உட்கார்றே நீ? பல்லு கூசுது. மேல் சத்தத்தை, அந்தக் கீச்சை எல்லாம் கடைசிவரைக்கும் ஏத்தி வச்சிருக்கான். உன் குரல் தகரத்தை வெட்டுற மாதிரி இருக்கு.”

“புது நாகரிகம்னு நெனச்சுப் பொறுத்துக்கிட்டேன்.”

“நாகரிகமாவது, மண்ணாவது. பேஸ் கூடல. அவனுக்கு மத்ததெல்லாம் குறைஞ்சுபோச்சு. காது போகுதும்மா.”

எனக்குக் கோபம்தான் வந்தது. “உளறாத லென்னே. ஒவ்வொரு தடவையும் என்கிட்ட கேட்கிறான், நானும் சரியா இருக்குன்னு சொல்றேன். அவன் பிடிவாதம் பிடிச்சா நான் என்ன பண்றது?”

“என்னன்னு சொன்னே? சொல்லிக் காட்டு.”

சொல்லிக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு வார்த்தை தேவையில்லை. உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தால் போதும், உஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். தெற்கே இருப்பவர்கள் கேலி செய்வார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான் ஆமாம் சொல்கிறோம். கல்யாணத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோதும் எனக்கு முதலில் வந்தது அந்த மூச்சுதான்.

லென்னே கையிலிருந்த துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த மூச்சில் கனத்த கீழ்ச் சத்தம் என்று எதுவும் இல்லை, எல்லாம் மெல்லிய மேல் சத்தம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவனுக்கு நான் ஒவ்வொரு தடவையும் வாயே திறக்கவில்லை. பெண்டாட்டிக்குப் பொய் சொல்ல மனசு வரவில்லை, அதனால் சும்மா இருக்கிறாள் என்று நினைத்து அவன் அடுத்த பெட்டியைத் தேடிப் போயிருக்கிறான். அடப் பாவி மனுஷா. நான் சரி என்று சொல்லச் சொல்ல, அவன் இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

கடற்கரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கூட்டிப்போனேன். போக மறுத்தான், கத்தினேன், வந்தான். கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். பிறகு டாக்டரம்மா ஒரு கோட்டுப் படத்தைத் திரையில் காட்டினாள். ஹோகன் வாழ்நாளெல்லாம் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் ஸ்பீக்கர்களைச் சரி செய்திருக்கிறான். அவள் வாயைத் திறப்பதற்குள் முன்னால் குனிந்துவிட்டான்.

“இது என்ன ஸ்பீக்கர்? மேல எல்லாம் செத்துக்கிடக்கு. எவனோ எரிச்சிருக்கான். இதைச் சரி பண்ண முடியாதும்மா, தூக்கிப் போட வேண்டியதுதான்.”

டாக்டரம்மா அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி, உதடு தெரிய நிதானமாகச் சொன்னாள். “இது உங்க காது.”

அவன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். மிச்சத்தையும் அவள் சொன்னாள். ஆலைச் சத்தம் பாதி, ரத்தத்தில் வந்தது பாதி. நரம்பே போய்விட்டது. காதில் கருவி வைத்தால் சத்தம் கூடும், பேச்சு தெளியாது. கீழ்ச் சத்தத்தில் மிச்சமிருப்பதும் ஒவ்வொன்றாகப் போகும். எவ்வளவு நாளில் என்று நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றாள், அதிக நாள் இல்லை என்பது அவள் முகத்தில் இருந்தது.

திரும்பும்போது வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். பனிக்கட்டி இன்னும் உருகவில்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, எங்கள் பக்க வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகளை உள்ளே போட்டு அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை முன்பக்கப் பலகையில் வைத்தான்.

“உனக்கு முன்னாடியே தெரியுமாடா?” என்று கத்திக் கேட்டேன்.

என் வாயைப் பார்த்தான். “போன இலையுதிர் காலத்திலேர்ந்து. ஆலையில பின்னாடி வர்ற வண்டி ஹாரன் கேக்கல.”

“அப்புறம் எதுக்கு எட்டு, ஆறரைன்னு அலைஞ்சே?”

“பெட்டி சின்னதாச்சுன்னா பாட்டுல உனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்னு பார்த்தேன்” என்றான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

அவன் பாட்டுப் பெட்டியை அணைத்தான். “மிஷினெல்லாம் வேணாம். நீ பேசு. ஏதாச்சும் சொல்லு. கத்தாத, சாதாரணமாப் பேசு. உன் குரல் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்து வச்சுக்கறேன்.” நடுவர்களைப் போலத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் பேசினேன். எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் ஹோகன், அன்றைக்குக் காரில் உட்கார்ந்ததிலிருந்தே பிடிக்கும் என்றேன். பிள்ளை தங்காமல் போன அந்த வருஷம் நீ இல்லையென்றால் நான் இந்த ஏரியில் இறங்கியிருப்பேன் என்றேன். பெட்டிகளை வைத்து நான் திட்டியதெல்லாம் சும்மா, நீ கொட்டகையில் இருந்தால்தான் எனக்கு வீட்டில் தூக்கம் வரும் என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அழுதுகொண்டே, ஆனால் அவன் கேட்ட மாதிரி கத்தாமல், கடைசிவரை சொல்லி முடித்தேன்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்ன வெட்கம் உனக்கு, இத்தனை வருஷம் கழிச்சு? ஆரம்பி.”

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவன் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தான்.

“காபி ஆறுது, குடி” என்றேன், உதடு நன்றாகத் தெரியும்படி.