கன்சுஹாயின் பதினோரு கூரைகள்

கன்சுஹாயில் பதினோரு வீடுகள் இருந்தன. புயலுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அவற்றை வரைபடத்திலிருந்து அழித்தேன். கை தவறி அழிக்கவில்லை. யோசித்து, நிச்சயமாகத் தெரியும் என்ற நினைப்பில் அழித்தேன்.

எங்கள் அலுவலகம் சாமார் தீவின் கிழக்குக் கரையில், ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தம் மூன்று பேர். நாங்கள் வேலை செய்யும் வரைபடம் யாருடைய சொத்தும் அல்ல. கட்டற்ற மென்பொருளில் ஓடுவது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் வரைபடங்களில் எங்கள் கரை வெறும் பச்சையாகத்தான் இருந்தது. அதனால் எங்கெங்கோ இருக்கும் கல்லூரி மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கள் கூரைகளை ஒவ்வொன்றாக வரைந்து தருவார்கள். சரிபார்ப்பது என் வேலை. கோழிக்கூண்டையும் கவிழ்த்து வைத்த படகையும் வீடென்று வரைந்து வைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே அழிப்பேன். தென்னந்தோப்பில் பிறந்தவள் நான். எது வீடு, எது கொப்பரை காயவைக்கும் கொட்டகை என்று எனக்கா தெரியாது?

கன்சுஹாய் முனைக்குப் பின்னால், தோப்புக்குள், நீளமாகப் புகையேறிக் கிடந்தன அந்தப் பதினோரு கூரைகள். பார்த்தவுடனே கொட்டகை என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும் என்பது முறை. "வீடுகள் அல்ல. கொப்பரைக் கொட்டகைகள். உள்ளூர்க்காரி சொல்கிறேன்" என்று எழுதினேன். அந்த 'உள்ளூர்க்காரி'யை எழுதும்போது எவ்வளவு திமிர் எனக்கு!

கொட்டகைகள்தான். ஆனால் முந்தைய புயலுக்குப் பிறகு, கடலோரம் நாற்பது மீட்டருக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மீன்பிடிக் குடும்பங்கள் பாழாய்க் கிடந்த அந்தக் கொட்டகைகளுக்கு மூங்கில் சுவர் வைத்துக் குடியேறியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்திருக்கலாம். படகில் நாற்பது நிமிடம்தான்.

புயல் அடித்து ஓய்ந்ததும், எங்கள் வரைபடத்தை அச்சடித்து வைத்துக்கொண்டுதான் அரிசியும் மருந்தும் போயின. நிவாரணக் குழுக்களிடமிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ஆறாம் நாள் கன்சுஹாய் பற்றிக் கேள்விப்பட்டேன். பதினோரு குடும்பங்கள், ஒரு சாவு. அன்று மாலை கணினியைத் திறக்காமலே வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முப்பத்தி நாலாம் நாள் அந்த ஊரிலிருந்து ஒருத்தி படியேறி வந்தாள். பெயர் எப்பிஃபானியா, சுருக்கமாகப் பானியா. ஐம்பது வயது இருக்கும். துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டையில் ஒரு கறுப்புத் துணித்துண்டு குத்தியிருந்தது. எங்கள் தலைவர் செல்சோ எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மூத்த பெண்களை எங்கள் பக்கம் 'மனா' என்போம், ஆண்களை 'மனோ' என்போம்.

"உக்காருங்க மனா பானியா. சாப்டாச்சா? காப்பி போடச் சொல்லட்டா?"

"காப்பி குடிக்கவா நாப்பது நிமிஷம் படகுல வந்தேன்?" என்றாள் அவள். உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாங்க ஏன் உங்க காகிதத்துல இல்ல?"

செல்சோ என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"புயல் அடிச்சு ரெண்டாம் நாளு டாக்டருங்க படகு எங்க முனைப் பக்கமா வந்துச்சு. ஊரே கரையில நின்னு சட்டையக் கழட்டி ஆட்டினோம். படகுல ஒருத்தரு கையில காகிதம் வெச்சிருந்தாரு. காகிதத்தப் பாத்தாரு, எங்களப் பாத்தாரு. அப்பறம் அவரும் கைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. நாங்க டாட்டா காட்டுறோம்னு நெனச்சுட்டாரு போல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என் வீட்டுக்காரரு லொரெட்டோவுக்குத் தொடையில தகரம் கிழிச்சிருந்துச்சு. அஞ்சாம் நாளு போயிட்டாரு. அது போகட்டும், போன உசுரு வரப்போறதில்ல. இப்ப நகராட்சியில புது வீட்டுக்குப் பட்டியல் போடுறாங்க. எங்க யாரு பேரும் அதுல இல்ல. புயலுக்கு முன்னாடி அங்க வீடே கெடையாதாம். வீடு கெடைக்கும்னு பொறவு வந்து ஒண்டினவங்களாம் நாங்க. உங்க காகிதத்தக் காட்டித்தான் சொல்றாங்க."

"படம் பழசா இருந்திருக்கும் மனா," என்றார் செல்சோ. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். "வெளிநாட்டுப் புள்ளைங்க வரையுறது. விட்டுப்போயிருக்கும். மரிவெல், நீ இப்பவே வரைஞ்சு விட்டுடு. வேலை முடிஞ்சுது."

"இப்ப வரைய முடியாது மனோ," என்றேன். "தரையில இல்லாதத வரையக் கூடாதுங்கறது நம்ம விதி. கூரை எல்லாம் காத்துல போயிடுச்சு. அப்படியே வரைஞ்சாலும் இன்னைக்குத் தேதிதான் விழும். அதுக்கு அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள் பானியா. கேட்டது கிடைக்காமல் திரும்பிப் பழகிய குரல். குடையை எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம பட்டியல மூடுறாங்க. வரேன்."

எங்கள் வரைபடத்தில் எதுவும் ஒரேயடியாக அழிவதில்லை. யார் வரைந்தார்கள், யார் அழித்தார்கள், எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் அப்படியே கிடக்கும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒளிவுமறைவில்லை என்று பள்ளிக்கூடங்களில் போய் மார்தட்டிப் பேசியவள் நான். ஒரு மாதமாக அதையே நம்பி ஒளிந்துகொண்டிருந்தேன், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று. பானியா இரண்டு படி இறங்கிவிட்டாள். அவள் போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"மனா, ஒரு நிமிஷம். மேல வாங்க."

திரையை அவள் பக்கம் திருப்பி, பழைய பதிவைத் திறந்தேன். தென்னைகளுக்கு நடுவே பதினோரு கட்டங்கள். புயலுக்கு ஐந்து வாரம் முன்பு யாரோ ஒரு மாணவர் வரைந்த தேதி பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே அவை அழிக்கப்பட்ட தேதி.

செல்சோ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார். அழித்தவர் பெயரில் என் பெயர் இருந்தது.

"மரிவெல், வேணாம்," என்றார் மெதுவாக. "இது வெளிய போச்சுன்னா அப்பறம் நம்ம காகிதத்த எவன் நம்புவான்?"

"என்ன போட்டிருக்கு? எழுத்து பொடிசா இருக்கு. படி," என்றாள் பானியா.

படித்தேன். வீடுகள் அல்ல. கொப்பரைக் கொட்டகைகள். உள்ளூர்க்காரி சொல்கிறேன்.

"யாரு அந்த உள்ளூர்க்காரி?"

"நான்தான் மனா."

கீழே ரொட்டிக் கடையில் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எத்தன மணிக்கு?"

"மத்தியானம் ரெண்டு நாப்பது. செவ்வாய்க்கெழம." தேதியையும் சொன்னேன்.

அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "அன்னைக்குத்தான் கூரைக்குப் புது ஓல மாத்தினாரு. அவரு மேல உக்காந்திருந்தாரு. கீழ நின்னு ஓல எடுத்துக் குடுத்தது நானு." திரையில் மூன்றாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இதுதான். வாசல் கெழக்கப் பாத்து இருக்கும்."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவரும் என்று அடக்கிக்கொண்டேன்.

"இத அந்த ஆபீஸ்ல வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூடத்தின் சுவரில் அதே பதிவைக் காட்டினேன். பட்டியல் போடும் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேதிகளை இரண்டு முறை படித்தார்.

"புயலுக்கு முன்னாடியே வீடு இருந்துச்சு. அழிச்சது நீங்க. அப்ப தப்பு உங்களோடதா?"

"ஆமா சார். என்னோடதுதான்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

கொடுத்தேன். பதினோரு குடும்பங்களும் பட்டியலில் ஏறின. இனி எங்கள் வரைபடத்தை ஆள் வைத்துச் சரிபார்த்துத்தான் எடுப்போம் என்று அடுத்த வாரம் நிவாரணக் குழுக்களிடமிருந்து கடிதம் வந்தது. செல்சோ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சூடாக ரொட்டி வாங்கிவந்து மேசையில் வைத்து, "சரிபார்க்கட்டும். முன்னாடியே செஞ்சிருக்கணும்," என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கூடத்தின் வாசலில் பானியா எனக்கு நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "அவரோட நாப்பதாம் நாளுக்கு வா. சுவத்துல காட்டினியே, அதக் காகிதத்துல எடுத்துட்டு வா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தாள்.

லொரெட்டோ இறந்த நாற்பதாம் நாள், முதல்முறையாக நான் கன்சுஹாய்க்குப் போனேன். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஊர்க்காரர்கள் ஜெபத்துக்குக் கூடியிருந்தார்கள். மேசையில் இறந்தவருக்கு ஒரு தட்டுச் சோறும் பொரித்த மீனும், ஒரு கிளாஸ் தென்னங்கள்ளும் வைத்திருந்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. அவருடைய படம் வைக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இருந்த ஒரே படத்தையும் கடல் கொண்டுபோயிருந்தது.

பானியா என் கையிலிருந்த தாளை வாங்கி, பென்சிலால் மூன்றாவது கூரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்தில் சாய்த்து வைத்தாள். கூரைகளுக்குக் கீழே நான் எழுதிய வரியும் என் பெயரும் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தன.

"மனா," என்றேன், "கீழ இருக்குற எழுத்த மட்டும் மடிச்சு வெச்சிரட்டா?"

"வேணாம்," என்றாள். "அது இருந்தாத்தான் அவரு வீடு இருக்கு."

ஜெபம் சொல்ல வந்தவர் முதல் வரியைத் தொடங்கினார். எல்லோரும் தாளைப் பார்த்து மண்டியிட்டார்கள். நானும் அவர்களுக்கு நடுவில், என் பெயருக்கு முன்னால் மண்டியிட்டேன்.