மூன்றாவது கேசட்

மூன்றாவது கேசட்டை மட்டும் போடாதே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அது தெரியாமல்தான் காலையிலிருந்து அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

கூடத்தில் பானு மேசையைக் கடைபோல் பரப்பி வைத்திருந்தாள். லேப்டாப், அவள் அப்பாவின் பழைய ஹேண்டிகேம், மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர்கள், ஆன்லைனில் வாங்கிய கட்டைவிரல் அளவு சாமான் ஒன்று. அந்தச் சாமான் வழியாகத்தான் கேசட்டில் இருப்பது கம்ப்யூட்டருக்குள் போகிறதாம். அடுத்த வாரம் கல்யாணம். சேலத்து மண்டபத்தில், ரிசப்ஷன் அன்றைக்குப் பெரிய திரையில் பொண்ணு மாப்பிள்ளையின் சின்ன வயசுப் படத்தை ஓடவிட வேண்டுமாம். எவளோ ஒருத்தி ஆரம்பித்துவைத்தாள், இப்போது ஊருக்கே அந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது.

"அப்பா பேச்சு அதுலதானுங்கம்மா இருக்குது. மண்டபத்துல அவரு குரல் கேக்கோணும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டுப் போன முதலாளி கொடுத்த கேமரா அது. கையில் வந்த நாளிலிருந்து கீழே வைக்கவில்லை. கேமராவை அவரே பிடித்ததால் ஒரு கேசட்டிலும் அவர் முகம் கிடையாது. பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருப்பார்.

பானு நான் பெற்ற பிள்ளை இல்லை. என் தங்கை செல்வி பெற்றவள். வலி கண்டு ஜீப்பில் சேலத்துக்கு இறக்கும்போது கொண்டை ஊசி வளைவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அடிவாரம் போவதற்குள் செல்வி அடங்கிவிட்டாள். அவள் புருஷன், காரியம் முடிந்த கையோடு திருப்பூர் பஸ் ஏறியவன்தான், பிள்ளை முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாசமாய்ப் போனவன். எனக்கோ கல்யாணமாகி எட்டு வருஷமாக வயிறு திறக்கவில்லை. துணியில் சுற்றிய பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நான்தான் அம்மா. செம்மநத்தத்துக்கு அந்தப் பக்கமிருந்த எஸ்டேட் லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காடு டவுனுக்கு வந்துவிட்டோம். தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. கூடத்துச் சுவரில் செல்வியின் போட்டோ தொங்குகிறது. 'சித்தி' என்று சொல்லி, பானு வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூ வைக்கிறாள்.

அந்தச் செல்வியின் வளைகாப்புதான் மூன்றாவது கேசட்டில் இருக்கிறது. நிறைமாத வயிறு. திரை மூலையில் தேதி வேறு.

அதை எரித்துவிடலாம் என்று எத்தனையோ நாள் அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறேன். முடியவில்லை. அதில் அவர் பேசுகிறார், அவள் சிரிக்கிறாள். எப்படி எரிப்பது?

முதல் இரண்டு கேசட்டும் ஏறிவிட்டன. மொட்டை அடித்தது, காது குத்தியது, ஏரியில் படகுக்குள் ஏறமாட்டேன் என்று அழுதது. பானு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் மூன்றாவது கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும் கண்ணு, இதுவே தாராளம். கண்ணு கெட்டுப் போயிரும்."

"இன்னும் ஒண்ணுதானுங்கம்மா" என்று மூன்றாவதைத் தள்ளி மூடினாள்.

"அதை ஓட்டி ஓட்டித் தள்ளிவிட முடியாதா?"

"முடியாதுங்க. ஒரு மணி நேரக் கேசட்டுன்னா ஒரு மணி நேரம் ஓடித்தான் ஏறும். உக்காருங்க, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

உட்கார்ந்தேன். வெளியே மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. கரண்டாவது போகக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் தூறல் விழுந்தாலே போகிற கரண்டு, அன்றைக்கென்று கல்லாக நின்றது.

திரையில் மலர்க் கண்காட்சி. பூவால் செய்த மயில் பக்கத்தில் நான் நிற்கிறேன். "சசி, கொஞ்சம் சிரியேன், காசா பணமா?" என்று அவர் குரல் கேட்டதும் பானுவின் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் என் கண், திரையின் மூலையில் இருந்த தேதி மேலேயே இருந்தது.

அவளும் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, இது நான் பொறந்த வருசம். மே மாசம். நான் ஆடில பொறந்தே. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எப்பிடி இத்தன ஒல்லியா இருக்கீங்க?"

"அந்தக் கேமராவுல தேதி எப்பவும் தப்பாத்தான் காட்டும் சாமி. உங்கொப்பனுக்குத் திருத்தத் தெரியாது."

"அப்பாவுக்கா? கடிகாரத்தையே பிரிச்சு மாட்டறவரு, தேதி திருத்தத் தெரியாதா?" என்று சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். நான் முந்தானையால் மேசையைத் துடைத்தேன். அதில் தூசியே இல்லை.

கண்காட்சி முடிந்தது. திரை கறுத்தது. அடுத்தது அதுதான். இத்தனை வருஷம் வளர்த்த பிள்ளை, என்னைப் பார்த்து 'நீங்க யாருங்க?' என்று கேட்டுவிட்டால் நான் எங்கே போய் விழுவேன்? மணவறையில் எந்த முகத்தோடு நிற்பேன்? முருகா, இந்த ஒரு தடவை காப்பாத்து.

கரகரவென்று ஒரு சத்தம். திரையெல்லாம் கோடு. கேமரா நின்றுவிட்டது.

"ஐயோ, சிக்கிக்கிச்சு!" பானு மூடியைத் திறந்தாள். உள்ளே கறுப்பு நாடா உருளைகளில் சுற்றிக்கொண்டு கிடந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். "புகை வாடை அடிக்குதுங்க. பிசுபிசுன்னு ஒட்டுது."

எல்லாம் அவர் செய்த வேலை. இந்த மலையில் மழைக்காலம் வந்தால் உப்பே தண்ணீராகிவிடும். கேசட்டில் பூஞ்சை பிடிக்கக் கூடாதென்று விறகடுப்புக்கு மேலே, பரணில், மிளகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பூஞ்சை பிடிக்கவில்லை. புகைதான் பிடித்தது.

"கையை நீட்டுங்கம்மா. இதைப் புடிச்சுக்குங்க, இழுத்துராதீங்க" என்று வெளியே வந்திருந்த நாடாவை என் இரண்டு விரலில் மாட்டினாள். வாழை நார்போல அத்தனை லேசு. ஒரு சுண்டு சுண்டினால் போயிற்று. தெரியாமல் பட்டுவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

குண்டூசியால் கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்தாள். வரவில்லை. பெருமூச்சு விட்டாள்.

"இனிமே ஒண்ணுமில்லைங்கம்மா. கண்காட்சி வரைக்கும் ஏறிருச்சு, அப்பா குரலும் வந்துருச்சு. மிச்சம் வெறும் நாடாவாத்தான் இருக்கும். வெட்டி எடுத்துப் போட்டர்றே. கேமராவாச்சும் பொழைக்கட்டும்."

கத்தரியை எடுத்தாள்.

நான் கேட்டது அதுதானே? சாமியே கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி. பேசாமல் இருந்தால் போதும். கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் நாடா போனது. செல்வி தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. அவள் நடமாடி, பேசிச் சிரிப்பது உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

"வெட்டாத!"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்னங்கம்மா?"

"வெட்டாத கண்ணு. உங்கம்மா இருக்கா அதுல."

"நீங்கதான் இங்க இருக்கீங்களே" என்று சிரிக்க ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சுவரிலிருந்த போட்டோவைத் தாடையால் காட்டினேன். கைதான் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்ததே.

பானு போட்டோவைப் பார்த்தாள். மூலையில் பார்த்த தேதியும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கத்தரியை மேசையில் வைத்தாள். அதிகமில்லை, நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன். ஜீப், வளைவு, திருப்பூர் பஸ், என் மடி. இருபத்திரண்டு வருஷமாக மூடி வைத்த விஷயம் நாலே வாக்கியம்தான்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சித்தின்னு சொல்லிப் பூ வெக்க விட்டீங்களே" என்றாள். "அப்பாவுமாச் சேந்து."

"ஆமாஞ்சாமி."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். மூடுபனிக்குள் அவள் முதுகுகூடச் சரியாகத் தெரியவில்லை. போய்விடுவாளோ, மாப்பிள்ளை நவீனுக்குப் போன் செய்வாளோ, இந்த வாசலை இனி மிதிப்பாளோ? விரலில் நாடாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடிப் பிடிக்கவும் வழியில்லை. எழுந்தால் அறுந்துவிடும்.

திரும்பி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு குண்டூசியை எடுத்தாள்.

"ஆடாமப் புடிங்க."

ஒவ்வொரு சுற்றாக எடுத்தாள். கசங்கிய இடத்தை விரலால் நீவினாள், கேசட்டின் சக்கரத்தைப் பேனாவால் திருப்பி நாடாவை உள்ளே இழுத்தாள். மூடினாள். பொத்தானை அமுக்கினாள்.

கோடு கோடாக வந்து, மெல்லப் படம் நின்றது. மணையில் செல்வி. நிறை வயிறு, கன்னமெல்லாம் சந்தனம். பானு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அதே மூக்கு, அதே நெற்றி.

"புள்ள பெத்தவளாப் பாத்துக் கூப்புடு, அவ மொத வளையலப் போடட்டும்" என்று திரைக்கு வெளியே ஒரு கிழவியின் குரல். அன்றைக்கும் அது என்னை அப்படித்தான் அறுத்தது. நான் கதவோரமாக ஒதுங்கி நிற்பது தெரிந்தது.

"எங்கக்காதான் மொதல்ல போடோணும்" என்றாள் செல்வி. இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "இல்லாட்டி நான் கையவே நீட்டமாட்டே. ஏனுங் மாமா, அவளக் கூட்டியாங்க."

"நீட்டு சாமி, வந்துட்டா வந்துட்டா" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் சிரித்தார்.

படம் ஓடி முடிந்தது.

"எனக்குக் கோவம் தீரலைங்க" என்றாள் பானு, கறுத்த திரையைப் பார்த்தபடி.

"தீரவேண்டாம் கண்ணு."

கல்யாணத்துக்கு வாங்கிய வளையல் டப்பா கட்டில்மேல் இருந்தது. எட்டி எடுத்தாள். திறந்து என் மடியில் வைத்துவிட்டு, கையை என் பக்கம் நீட்டினாள்.